பூவை உலர்த்த எது தோது: கயிறா, புத்தகமா, சிலிக்கா ஜெல்லா?

உலர்பூ கைவேலையில் இறங்கும் பலர் முதல் நாளே ரெசினும் (பூவின் மேல் ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகிக்கொள்ளும் திரவம்) அதை ஊற்றும் அச்சான மோல்டும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். ரெசின் ஊற்றுவது கடைசி வேலை. பூவுக்குள் ஈரம் மிச்சம் இருந்தால் ரெசினுக்குள்ளேயே பழுப்படித்துவிடும், அப்புறம் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. அதனால் முதலில் உலர்த்தப் பழகுங்கள். வீட்டில் செய்யத் தோதான வழிகள் மூன்று: தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவது, புத்தகத்துக்குள் வைத்து அழுத்துவது, ஈரத்தை உறிஞ்சும் குருணையான சிலிக்கா ஜெல்லில் புதைப்பது. புதிதாக ஆரம்பிப்பவர் யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது புத்தகத்தைத்தான்.

தொங்கவிடுவதற்குச் செலவே கிடையாது. இலைகளைக் கிள்ளிவிட்டு, ஐந்தாறு காம்புகளைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் மாட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். நூலால் கட்டாதீர்கள், காம்பு காயக் காயச் சுருங்கும், நூல் தளர்ந்து பூவெல்லாம் ஒவ்வொன்றாக நழுவி விழும், ரப்பர் பேண்ட் என்றால் கூடவே இறுகிக்கொள்ளும். வாடாமல்லிக்கும் கோழிக்கொண்டைக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. வாடாமல்லியில் நாம் பூ என்று பார்க்கும் ஊதா உருண்டை பெரும்பாலும் செதில்கள்தான், செடியில் இருக்கும்போதே காகிதம் மாதிரி மொறமொறவென்று இருக்கும், காய வேண்டிய ஈரமே அதில் கொஞ்சம்தான்.

ஆனால் இந்த முறைக்கு ஊரும் மாதமும் ஒத்துழைக்க வேண்டும். மதுரை, திருச்சி பக்கம் மாசியிலிருந்து வைகாசி வரை கவலையே வேண்டாம். இதையே சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செய்தால் பூ காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். வெளிநாட்டு வீடியோக்களில் சமையலறையில் கொத்துக்கொத்தாகத் தொங்குவதைப் பார்த்து ஆசைப்படுகிறோம், அந்த வீடுகளின் காற்று வேறு, நம் கடற்கரை ஊர்க் காற்று வேறு. கடற்கரையில் இருந்தும் தூத்துக்குடி உலர்பூ ஏற்றுமதிக்குப் பேர்போனது என்றால், பக்கத்திலேயே துறைமுகம் இருப்பதோடு அங்கே மழை குறைவு, வெயில் அதிகம் என்பதும் அதற்குத் தோதாக இருக்கிறது.

புத்தகத்துக்கு வருவோம். காகிதப்பூவை எடுத்துப் பாருங்கள், சாலையோரத்து மதில்களில் எல்லாம் கொட்டிக் கிடக்கிறது. நிறமாகத் தெரியும் மூன்றும் உண்மையில் இதழ்கள் இல்லை, இலையின் மாற்று வடிவம். நடுவில் நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. ஒவ்வொன்றாகப் பிரித்து, அச்சடிக்காத வெள்ளைத்தாளுக்கோ ப்ளாட்டிங் பேப்பருக்கோ நடுவில் வைத்து, தடித்த புத்தகத்துக்குள் செருகி, மேலே இரண்டு செங்கல். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். முதல் மூன்று நாலு நாள் தாளைத் தினமும் மாற்றுங்கள், ஏனென்றால் ஈரம் எல்லாம் அப்போதுதான் இறங்குகிறது, அதே தாளிலேயே விட்டால் பழுப்புக்கறை விழும். பிறகு இரண்டு வாரம் தொடாமல் இருங்கள். எடுக்கும்போது நரம்பு ஒவ்வொன்றும் தெரியும்படி, மெல்லிசாக, சரசரவென்று வரும். சங்குப்பூ, மயில்கொன்றை இதழ், பெரணி இலை எல்லாமே இதற்கு ஒத்துவரும். காலையில் பனி உலர்ந்த பிறகு பறித்தால் பாதி வேலை முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், பத்து பூ வீணானாலும் கைக்காசு போகாது. வந்ததை அன்றே வாழ்த்து அட்டையிலோ புத்தகக் குறியிலோ ஒட்டிவிடலாம், கண்ணாடிச் சட்டத்தில் போட்டால் இன்னும் நாள் தாங்கும். குறை ஒன்றுதான்: பூ தட்டையாகிவிடும். முழு ரோஜாவும் சாமந்தியும் இதற்கு ஆகாது, இதழ் இதழாகப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். அவசரமாக வேண்டுமென்றால் இரண்டு பீங்கான் டைல்களுக்கு நடுவில் டிஷ்யூ போட்டு மைக்ரோவேவில் குறைந்த சூட்டில் இருபது முப்பது வினாடியாக விட்டு விட்டு வைக்கலாம், கொஞ்சம் கூடினாலும் கருகிவிடும் என்பதால் முதலில் இதைத் தொட வேண்டாம்.

பூவின் உருவம் அப்படியே நிற்க வேண்டும் என்றால் சிலிக்கா ஜெல்தான் நல்ல வழி. மணலும் இந்த வேலையைச் செய்யும், ஆற்று மணலைக் கழுவிச் சலித்து நன்றாகக் காயவைக்க வேண்டும், ஆனால் கனத்தில் இதழ் நசுங்கும், நாளும் அதிகம் பிடிக்கும். ஜெல்லில் ஷூ டப்பாவில் வரும் உருண்டை மணிகள் உதவாது, இதழில் குழி விழும். பூவுக்கென்று விற்கும் நைசான ரகம் வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் அடியில் ஒரு அங்குலம் போட்டு, காம்பைக் குட்டையாக வெட்டிய ரோஜாவை முகம் மேலே பார்க்க உட்காரவைத்து, முதலில் சுற்றிலும், பிறகு இதழ் இடுக்குகளில், ஸ்பூனால் மெதுவாகத் தூவி மூட வேண்டும். மேலிருந்து கொட்டினால் இதழ் அமுங்கிவிடும். ஐந்து முதல் ஏழு நாள். தூசியை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். ஈரம் ஏறியதும் நீலம் இளஞ்சிவப்பாக மாறும் ரகத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது உடலுக்கு நல்லதல்ல. ஆரஞ்சு ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு கிலோவுக்குச் சில நூறு ரூபாய் ஆகும்தான், ஆனால் சூடாக்கி உலர்த்தித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இப்படி உலர்த்திய ரோஜாவைத் திறந்த ஜாடியில் வைத்தால் கடற்கரை ஊர்களில் மறுபடி ஈரத்தை இழுத்துத் துவண்டுவிடும், கண்ணாடிப் பேழையிலோ ரெசினிலோ அடைத்தால்தான் நிற்கும். ஆக, ஜெல்லோடு செலவு முடிவதில்லை. தொங்கவிட்ட வாடாமல்லிக்கு இந்தத் தொல்லை குறைவு.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. அடர்சிவப்பு ரோஜா எந்த முறையிலும் கறுத்துத்தான் போகும், இளஞ்சிவப்பு எடுத்தால் கொஞ்சம் அடர்ந்து அழகாக இறங்கும். மஞ்சளும் ஆரஞ்சும் நன்றாகவே தாங்கும். மல்லிகை பழுப்பாகும், அதை எந்த ஜெல்லாலும் தடுக்க முடியவில்லை. காய்ந்த எந்தப் பூவுக்கும் நேர் வெயில் ஆகாது.

கல்யாண மாலையைப் பாதுகாக்கத்தான் இதைக் கற்றுக்கொள்கிறேன் என்பவர்கள், கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே சந்தை ரோஜாவில் ஜெல்லைப் பழகிவிடுங்கள். மாலையில் தண்ணீர் தெளித்திருப்பார்கள், அதனால் அன்று இரவே நூலைப் பிரித்து, பூக்களைத் துணியில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் மேல் ஈரத்தைப் போக்கி, முழு ரோஜாக்களை ஜெல்லிலும் உதிர்ந்த இதழ்களைப் புத்தகத்திலும் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி மட்டும் வைக்காதீர்கள், மறுநாளே அழுக ஆரம்பித்துவிடும்.