தடுப்பூசிக்கு எவ்வளவு கொடுப்பார்கள்: கேட்பதா, விற்றுப் பார்ப்பதா?

டைபாய்டு ஊசியை எடுத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்ற புகார் ஓயாத வடசென்னையின் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இதற்குத் தேவை உண்டு. பெரும்பாலும் தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். யாராவது மானியம் தர நினைத்தால், மக்கள் கையிலிருந்து எவ்வளவு எடுப்பார்கள் என்று முதலில் தெரிய வேண்டும். அதை அளக்கும் வழிகளுக்குள் போட்டி உண்டு.

செலவு குறைந்தது, வீடு வீடாகப் போய்க் கேட்பது.

"அக்கா, இந்த ஊசி முந்நூறு ரூபாய்னா பிள்ளைக்குப் போடுவீங்களா?"

"பிள்ளைக்குன்னா போடாம இருப்போமா?"

இந்தப் பதிலை நம்பி விலை வைத்தால் ஊசி ஃப்ரிட்ஜிலேயே கிடக்கும். அந்த அக்கா பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டார் காது கொடுத்து நிற்கும்போது, பிள்ளைக்கு முந்நூறு அதிகம் என்று எந்த அம்மா சொல்வாள்? வியட்நாமின் ஹுவே நகரில் காலரா, டைபாய்டு ஊசிகளுக்காக நடந்த ஆய்வில் சிலருக்கு யோசிக்க ஓர் இரவு அவகாசம் கொடுத்தார்கள். அவர்கள் தருவதாகச் சொன்ன தொகை, உடனே பதில் சொன்னவர்கள் சொன்னதைவிடக் குறைவாக வந்தது. கேட்டே தீருவேன் என்பவர்கள் இதையாவது செய்யலாம். விலையையும் பாதுகாப்புக் காலத்தையும் அட்டையில் எழுதி 'இதுவா, அதுவா' என்று தேர்வு செய்யச் சொல்வதும் உண்டு. காசு விஷயத்தில் அதற்கும் இதே வியாதிதான்.

அடுத்த வழி குலுக்கல் முறை. 1964-ல் பெக்கர், டிகுரூட், மார்ஷாக் என்ற மூன்று ஆய்வாளர்கள் வகுத்தது. அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று முதலில் நீங்கள் சொல்லிவிட வேண்டும். பிறகு ஒரு சீட்டு எடுக்கப்படும். அதிலுள்ள விலை நீங்கள் சொன்னதற்கு மேல் போகாவிட்டால், சீட்டு விலைக்கு ஊசி. மேலே போனால் கிடையாது. கொடுப்பது சீட்டு விலைதான், சொன்ன விலை இல்லை என்பதால், உண்மையைச் சொல்வதே லாபம் என்பது காகிதத்தில் அழகாக நிரூபணமாகும். ஆனால் எம்.சி. ரோட்டில் பேரம் பேசித் துணி எடுத்துப் பழகியவர் கடைசி விலையை முதலிலேயே சொல்வாரா? மனசில் முந்நூறு இருந்தாலும் நூற்றைம்பது என்பார். சீட்டில் இருநூறு வந்ததும், "சரி, இருநூறே வச்சுக்கோங்க" என்பார். விதிப்படி அதற்கு இடமில்லை. கையில் காசோடு நிற்கும் தாயை ஊசி போடாமல் திருப்பி அனுப்பும் அளவீடு எனக்குப் பிடிக்கவில்லை. வடக்கு கானாவில் தண்ணீர் வடிகட்டிகளுக்கு இதையும், ஒரே விலை சொல்லி விற்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். குலுக்கலில் மக்கள் தரத் தயாரான தொகை குறைவாகவே வந்தது.

என் ஓட்டு அந்த ஒரே விலைக்குத்தான். ஒரு வீட்டுக்கு 50 ரூபாய் என்று விலை எழுதிய சீட்டு, இன்னொன்றுக்கு 100, வேறொன்றுக்கு 300 என்று யாரையும் பார்க்காமல் கலைத்துக் கொடுக்க வேண்டும். வந்தால் அந்த விலைக்கு ஊசி, பேரம் இல்லை. எந்த விலையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினால் போதும். கென்யாவில் கொசுவலைக்கு, வீட்டுக்கு வீடு இல்லாமல் கிளினிக்குக்கு ஒரு விலை என்று இப்படிச் செய்தபோது, இலவசத்திலிருந்து 60 அமெரிக்க சென்ட் ஆக்கியதுமே வாங்குவோர் பங்கு 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. வாயால் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே. குறைகளும் உண்டு. ஒரு வீடு ஒரே ஒரு 'ஆம்' அல்லது 'இல்லை'தான் தரும், அதனால் நிறைய வீடுகள் வேண்டும். எதிர்வீட்டுக்காரருக்கு 50, எனக்கு 300 என்றால் தெருவில் சண்டை வரும். தெருவுக்கு ஒரு விலை என்று வைத்தால் கொஞ்சம் தப்பலாம், ஆனால் அப்போது தெருக்களும் நிறைய வேண்டும்.

காசே கேட்காமல் அளக்கும் வழியும் உண்டு. மொசாம்பிக்கின் பெய்ரா நகரில் காலரா தடுப்பு மருந்து இலவசமாகக் கொடுத்தபோது, வந்தவர்கள் நடந்த தூரத்தையும் காத்திருந்த நேரத்தையும் விலையாகக் கணக்கிட்டார்கள். நம் பக்கம் புதன்கிழமை தடுப்பூசிக்காக அரைநாள் கூலியை விடுகிறவருக்கு 'இலவசம்' என்பது இலவசமில்லை. ராஜஸ்தானின் உதய்ப்பூர் கிராமங்களில் தடுப்பூசி முகாமை ஒழுங்காக நடத்தியபோது எல்லா ஊசிகளையும் போட்டுக்கொண்ட குழந்தைகள் 18%. ஒரு கிலோ பருப்பும் தட்டும் சேர்த்ததும் 39%. எதுவும் செய்யாத கிராமங்களில் அது 6%. ஆக, சீட்டோடு வருபவரிடம் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது.

அப்புறம், காசிமேட்டில் செய்வதாக இருந்தால் மாதம் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாத மே மாதத்தில் 100 ரூபாய் சீட்டு திரும்பாமல் போனால், அந்த வீட்டில் ஊசி வேண்டாம் என்றார்கள் என்று எழுதிவிடக் கூடாது. சீட்டை இரண்டு வாரம் செல்லும்படி கொடுங்கள், அதையும் ஆகஸ்டில் கொடுங்கள்.