கால் கிலோ ட்ரோனும் கட்டடக் காற்றும்

கட்டடங்களைப் படம் பிடிப்பது என் தொழில். மடக்கினால் உள்ளங்கையில் அடங்கும் இந்த 249 கிராம் ட்ரோனை ஆறு மாதமாகப் பறக்கவிடுகிறேன். காற்றில்லாத காலையில் எடுத்த படங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கின்றன. காற்றடிக்கும் நாள்தான் விஷயம்.

வினாடிக்கு 10.7 மீட்டர் காற்று வரை தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள். மணிக்கு 38 கிலோமீட்டர். பொய்யில்லை. திறந்தவெளியில் கிட்டத்தட்ட அவ்வளவு காற்றில், ஒரு பக்கம் சாய்ந்தபடி, விசிறிகள் வீறிட, ஆணி அடித்த மாதிரி நின்றது. கட்டடத்தின் பக்கத்தில் போனால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

உயரமான சுவரில் மோதும் காற்றில் ஒரு பகுதி கீழே இறங்கும், மிச்சம் மூலைகளைச் சுற்றி வேகம் பிடிக்கும். நியூயார்க்கில் 1902இல் எழுந்த ஃபிளாட்டயர்ன் கட்டடத்தின் கூர்முனையில் அடிக்கும் காற்று அந்தக் காலத்திலேயே பேர்போனது. பின்பக்கம் இன்னும் மோசம், சுழல்கள் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கழன்றுகொண்டே இருக்கும். புர்ஜ் கலீஃபா மேலே போகப் போகப் படிப்படியாக ஒடுங்குவதற்கு, அந்தச் சுழல்கள் ஒரே தாளத்தில் சேரக்கூடாது என்பதும் ஒரு காரணம். 828 மீட்டர் கோபுரத்துக்கே அந்தக் கவலை என்றால் கால் கிலோ பிளாஸ்டிக் எம்மாத்திரம்?

எனக்குப் பாடம் கிடைத்தது ஒரு கண்ணாடிக் கோபுரத்தில். கீழே சட்டைக் காலர்கூட அசையவில்லை. காற்று மறைவான பக்கத்தில் நிதானமாகப் போய் மூலையைத் தாண்டினேன். அவ்வளவுதான், ட்ரோன் சாய்ந்து சமாளிப்பதற்குள் ஐந்தாறு மீட்டர் பக்கவாட்டில் தூக்கிப் போட்டது. இதற்குப் பக்கவாட்டில் தடை உணரி கிடையாது. சுவருக்குப் பக்கத்தில் பாதி வானம் மறைவதால் ஜிபிஎஸ் பிடிப்பும் தளர்ந்திருந்தது. விசிறி நுனி சுவரில் உரசியது, விழவில்லை. என் அதிர்ஷ்டம்.

கேமராவை ஆடாமல் பிடித்து வைக்கும் கிம்பலைக் குறை சொல்ல மாட்டேன், உலுக்கலை நன்றாக விழுங்குகிறது. ஆனால் பலமான பக்கக் காற்றில் அடிவானம் ஒன்றிரண்டு டிகிரி சரிகிறது. கடற்கரைப் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள், நேர்க்கோடுகளால் ஆன கட்டடத்தில் அது உறுத்தும். எதிர்காற்றில் மூக்கு தாழ்வதால் கேமராவை நிமிர்த்தினால் விசிறி படத்துக்குள் வந்துவிடும். காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினால் வராது. சரி, ஆனால் அப்போது காற்று ட்ரோனைக் கட்டடத்தின் மீதே தள்ளும்!

இப்போதெல்லாம் கூரை உயரத்துக்கு ஏற்றி, சுவரிலிருந்து தள்ளி ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கிறேன். அதிகம் சாய்கிறது என்றால் இறக்கிவிடுவேன். முதலில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வருகிறேன். இல்லையென்றால் பேட்டரி வடியும் நேரத்தில் எதிர்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்.

மெல்லிய காற்றுக்கு வாங்கலாம். கோபுரங்களுக்கு நடுவே தினமும் வேலை என்றால் கனமான, நாலு பக்கமும் உணரி உள்ளதைப் பாருங்கள். அப்புறம், விசிறி மாற்றுவது தனி எரிச்சல். ஒவ்வொன்றுக்கும் எள்ளளவு திருகாணிகள், அதில் ஒன்று இன்னும் புல்லுக்குள்தான் கிடக்கிறது.