மட்டக்களப்புக்கு எது தோது: கரவனா, ஏடிஆரா?

கொழும்பிலிருந்து ரயிலில் வந்தால் ஒரு பகலே போய்விடும். விமானம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த விமானம் என்பதுதான் பேச்சு.

செஸ்னா கரவன் ஒற்றை எஞ்சின் விமானம். ஒன்பது பேர் அளவில் ஏறலாம். ஏறுமுன் பையோடு சேர்த்து ஆளையும் நிறுப்பார்கள்; சின்ன விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. குட்டையான ஓடுபாதையே அதற்குப் போதும். ஆனால் உயரத்தில் மூச்சுவிடத் தேவையான காற்றழுத்தத்தை உள்ளே பேணும் வசதி இல்லாததால் பெரும்பாலும் பத்தாயிரம் அடிக்குள்ளேதான் பறக்கும். மார்கழி மழைமுகிலுக்கு மேலே ஏறித் தப்ப முடியாது, சுற்றித்தான் வரவேண்டும்.

ஏடிஆர் 72க்கு இரண்டு எஞ்சின், எழுபது இருக்கை, 25,000 அடி வரை ஏறும். நிரம்பினால் ஆளுக்கான செலவு குறையும். நிரம்பாவிட்டால்? வாரத்துக்கு இரண்டு தரம் என்று சுருங்கி, பிறகு நின்றே போகும்.

என் தெரிவு கரவன்தான். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கொழும்பில் கிளினிக் காட்டப் போகிறவர் அன்றைக்கே வீடு திரும்பலாம். டிக்கெட் விலை கூடத்தான் இருக்கும்; அதை மறைக்கத் தேவையில்லை.

எதை வாங்கினாலும் செய்மதி வழிகாட்டலில் தரையிறங்கும் முறை இங்கே அவசியம். அதற்கு ஓடுபாதை முனையில் விலையுயர்ந்த அன்ரெனாக்கள் நடத் தேவையில்லை. புதிய கரவன்களின் விமானி அறையில் அந்த வழிகாட்டலைக் காட்டும் கார்மின் நிறுவனத் திரைகள் ஏற்கெனவே இருக்கின்றன.