ட்ரைபாட் வாங்கப் போகிறீர்களா? முதலில் காலின் அடிக்குழாயைப் பாருங்கள்

ட்ரைபாட் பெட்டியின் மேல் இரண்டு எண்கள் கொட்டை எழுத்தில் இருக்கும்: எத்தனை கிலோ தாங்கும், எவ்வளவு உயரம் வரும். இயற்கைப் படம் எடுப்பவருக்கு இரண்டுமே பெரிதாக உதவாது. தாங்கும் எடையை அளக்க எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான முறை கிடையாது. பத்து கிலோ தாங்கும் என்று போட்ட ட்ரைபாடில் ஒன்றரைக் கிலோ கேமராவை வைத்து 1/8 வினாடியில் எடுத்த படத்திலும் இலை நரம்பு மங்கியிருக்கலாம். சரியாமல் நிற்பது வேறு, அதிராமல் நிற்பது வேறு. நமக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

அதைச் சொல்லும் எண் கால் குழாயின் விட்டம். சுவரின் கனம் ஒன்றாக இருந்தால், குழாயின் விறைப்பு ஏறத்தாழ விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்பக் கூடும். 22 மி.மீ. குழாயும் 28 மி.மீ. குழாயும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். விறைப்பில் இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனால் விளம்பரத்தில் போடுவது மேல் குழாயின் அளவை. கால் என்பது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் குழாய் அடுக்குகள், கீழே ஒவ்வொரு அடுக்குக்கும் 3 அல்லது 4 மி.மீ. குறைந்துகொண்டே போகும். 3 என்றே வைத்துக்கொண்டாலும், 28-இல் தொடங்கும் மூன்றடுக்குக் கால் 22-இல் முடியும், நான்கடுக்கு 19-இல் முடியும். பயணத்துக்கென்று விற்கும் ஐந்தடுக்குக் கால் 22-இல் தொடங்கினால் அடிக்குழாய் 10 மி.மீ. அளவில் சுண்டுவிரலைவிட மெலிதாக நிற்கும். பையில் அழகாக அடங்கும், காற்றடித்தால் நடுங்கும். அடிக்குழாய் 18 மி.மீ.க்குக் குறைந்தால் டெலி லென்ஸ் (தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் நீள லென்ஸ்) வைத்திருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம்.

சில மாடல்களின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. வேன்கார்ட் ஆல்டா ப்ரோ 263 என்றால் 26 மி.மீ., 3 அடுக்கு. லியோஃபோட்டோ 324 என்றால் 32 மி.மீ., 4 அடுக்கு. பெயரில் இல்லாவிட்டால் விவரப் பட்டியலில் தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் அந்த மௌனமே ஒரு பதில்தான்.

கையைக் கடிக்காத விலையில் உறுதி வேண்டுமானால், 26 முதல் 29 மி.மீ. வரையிலான மூன்றடுக்கு அலுமினியம்தான் எங்கள் தேர்வு. மான்ஃப்ரோட்டோ 055 எக்ஸ்ப்ரோ3 இந்த வகைக்கு நல்ல உதாரணம்: ஹெட் (கால்களின் மேல் கேமராவைத் தாங்கித் திருப்பும் பகுதி) இல்லாமல் 2.5 கிலோ, நடுத்தண்டை ஏற்றினால் 170 செ.மீ. எடைதான் குறை, காற்றில் அதுவே நிறை. இன்னும் லேசாக வேண்டுவோருக்கு அதே குடும்பத்தின் 190 வரிசை உண்டு. கார்பன் ஃபைபர் எடை குறைவு, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும், ஆனால் பாறையில் பலமாக மோதினால் விரிசல் விடும். அலுமினியம் நசுங்குவதோடு போய்விடும். நாள் முழுக்க மலையேறுபவர் கார்பனுக்குக் காசு கொடுக்கலாம். மற்றவர்கள் அந்தக் காசை ஹெட்டில் போடுவது மேல்.

உயரத்தை நடுத்தண்டு இல்லாமல் கணக்கிடுங்கள். கண் மட்டம் 155 செ.மீ. என்றால், ஹெட்டுக்கு 10, கேமராவின் அடியிலிருந்து வியூஃபைண்டர் வரை 9 கழித்து, கால்கள் மட்டும் 136 வந்தால் போதும். சரிவில் ஒரு காலை நீட்ட வேண்டியிருக்கும், அதற்கு இன்னும் பத்து செ.மீ. கூடுதலாக இருப்பது நல்லது. நடுத்தண்டை முழுக்க ஏற்றினால் மூன்று காலின் உறுதியை ஒற்றைக் குச்சியில் ஏற்றி வைத்தது போலத்தான். 055-இலும் ஆல்டா ப்ரோவிலும் அந்தத் தண்டைக் கிடையாகப் படுக்க வைக்கலாம். தரையோடு முளைத்த காளானை நேர் மேலிருந்து எடுக்க வசதிதான். அப்படி வைக்கும்போது ஒரு கால் கேமராவுக்கு நேர் கீழே வர வேண்டும், இல்லாவிட்டால் கவிழும்.

குழாய்களைப் பூட்டும் லாக்கில் இரண்டு வகை. கிளிப் லாக் பூட்டியிருக்கிறதா என்பது பார்த்தாலே தெரியும். நாளடைவில் தளர்ந்தால் ஆலன் கீயால் (அறுகோணச் சாவியால்) கொஞ்சம் இறுக்கினால் சரியாகும். திருகு லாக் புதரில் மாட்டாது, ஆனால் மணல் உள்ளே போனால் நறநறக்கும். அதைக் கழற்றும்போது குழாயின் மேல் முனையில் இரண்டு அரைவட்டப் பிளாஸ்டிக் துண்டுகள் இருப்பதைக் கவனியுங்கள். அவற்றில் இருக்கும் சிறு குமிழ்கள் குழாயின் துளையில் பொருந்த வேண்டும். மாற்றிப் பொருத்தினால் கால் பிடிக்காது. கிரீஸ் மரையில் மட்டும், லேசாக. கடல் நீரில் நின்ற ட்ரைபாடை அன்றே நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைத்த பிறகுதான் மடக்க வேண்டும்.

மலிவு ட்ரைபாட்கள் பெரும்பாலும் ஏமாற்றும் இடம் ஹெட். கழற்ற முடியாத ஹெட் வந்தால் வேண்டாம். கால்களின் உச்சியில் 3/8 அங்குலத் திருகு இருந்தால் எந்த ஹெட்டையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பால் ஹெட்டில் (பந்தின் மேல் எல்லாப் பக்கமும் திரும்பும் ஹெட்) பந்து 36 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். கடையிலேயே சோதிக்கலாம்: டெலி லென்ஸ் மாட்டி, ஒரு புள்ளியை நடுவில் வைத்துப் பூட்டிவிட்டுக் கையை எடுங்கள். புள்ளி கீழிறங்கினால் அந்த ஹெட் மிக அருகில் எடுக்கும் மேக்ரோ படத்துக்கு ஆகாது. கேமராவின் அடியில் மாட்டி ஹெட்டில் செருகும் பிளேட், பல கம்பெனிகள் பின்பற்றும் 38 மி.மீ. அகல ஆர்கா வகையாக இருந்தால் நாளைக்கு வேறு ஹெட், கேமராவை நிமிர்த்தியும் மாட்ட உதவும் எல் வடிவ பிராக்கெட் எது வாங்கினாலும் பொருந்தும். மான்ஃப்ரோட்டோவின் ஆர்சி2 பிளேட் இதில் சேராது. கனமான லென்ஸில் காலர் (லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) இருந்தால் பிளேட்டை அதில்தான் மாட்ட வேண்டும், கேமராவில் அல்ல. 600 மி.மீ. லென்ஸோடு பறக்கும் பறவையைத் துரத்துபவருக்கு எந்தப் பால் ஹெட்டும் தோதுப்படாது, லென்ஸைச் சமநிலையில் வைத்து எளிதாகத் திருப்ப விடும் கிம்பல் ஹெட்தான்.

ஹெட் அடிக்கடி தளர்ந்து சுழன்றால் புது ஹெட் வாங்க ஓடாதீர்கள். பல மாடல்களில் ஹெட் உட்காரும் மேல் தட்டின் அடியில் மூன்று குட்டித் திருகுகள் இருக்கும். ஹெட்டை இறுக்கிய பின் அவற்றை ஆலன் கீயால் மேல்நோக்கி முடுக்கினால் அசையாது. இது தெரியாமலே பலர் வருடக்கணக்கில் கையால் முறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

களத்தில், மேல் தடித்த குழாயை முதலில் நீட்டுவதுதான் வழக்கம். ஓடையிலோ சேற்றிலோ மட்டும் தலைகீழ்: அடிக்குழாயை முதலில் நீட்டினால் லாக்குகள் தண்ணீருக்கு மேலே நிற்கும். மண்ணுக்குக் கூர்முனை, பாறைக்கு ரப்பர். நடுத்தண்டுக் கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் அதன் அடி தரையைத் தொட வேண்டும். தொடாமல் ஆடும் பை காற்றோடு சேர்ந்து அதிர்வைக் கூட்டிவிடும். பழைய லென்ஸ்களில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். டிஎஸ்எல்ஆரில் 1/60 முதல் 1 வினாடி வரை கண்ணாடி அடிக்கும் அதிர்வு படத்தில் தெரியும், கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவிடும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்து பாருங்கள். உங்களிடம் உள்ள மிக நீளமான லென்ஸை மாட்டி, கால்களை முழுக்க நீட்டி, லைவ் வியூவில் (கேமராத் திரையில் நேரடிக் காட்சியில்) 10 மடங்கு பெரிதாக்கி, ஒரு காலை விரலால் சுண்டுங்கள். ஒரு வினாடிக்குள் படம் அடங்கினால் நல்ல ட்ரைபாட். இரண்டு வினாடி எடுத்தால் அடிக்குழாயை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி சுண்டுங்கள், பெரும்பாலும் சரியாகும். மூன்றுக்கு மேல் ஆடினால் 2 வினாடி டைமரும் காப்பாற்றாது, திருப்பிக் கொடுத்துவிடலாம்.