கடற்கரைச் சாலையில் பெண் முன்னோடிகள் நடை: ஒரு மதிப்பீடு

சென்னைக் கடற்கரைச் சாலையில் ராணி மேரிக் கல்லூரி வாசலில் தொடங்கி, சேப்பாக்கத்தில் கோஷா ஆஸ்பத்திரி என்று பழையவர்கள் இன்றும் அழைக்கும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை முன்னால் முடியும் மரபு நடை ஒன்றில் சென்ற ஞாயிற்றுக்கிழமை கலந்துகொண்டேன். நகரத்தின் பெண் முன்னோடிகளை அறிமுகப்படுத்தும் இந்த நடைக்கு ஆளுக்கு 500 ரூபாய் கட்டணம். காலை 6.30 மணிக்குத் தொடங்கி 9.30 மணிக்கு முடிகிறது.

ராணி மேரிக் கல்லூரியை ஞாயிறன்று வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். 1914இல் சென்னைப் பெண்களுக்கென்று தொடங்கப்பட்டதையும், 2003இல் அவ்விடத்தில் தலைமைச் செயலகம் கட்டும் திட்டத்தை மாணவிகள் போராடித் தடுத்ததையும் வழிகாட்டி சுருக்கமாகச் சொன்னார்.

நடையின் உயிர் ஐஸ் ஹவுஸில்தான் இருக்கிறது. 1842இல், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தை விவேகானந்தர் இல்லமாகவே நாம் அறிந்திருக்கிறோம். அதே கட்டடத்தில் சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவைகளுக்கான இல்லத்தை நடத்தினார் என்பது குழுவில் பலருக்குப் புதிய செய்தி. சிறுமியாக மணமாகிச் சிறுமியாகவே கணவரை இழந்து, 1911இல் இதே சாலையிலுள்ள மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், எழும்பூரில் ஒரு வீட்டில் சில பெண்களோடு தொடங்கிய இல்லம் பின்னர் இங்கே குடிவந்தது. விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குள் திரும்பிப் போனவர்கள் வாழ்ந்த காலத்தில், அந்தப் பெண்கள் படித்து ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். 1922இல் அருகிலேயே தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கும் சுப்புலட்சுமியே முதல்வரானார். ராணி மேரிக் கல்லூரி, விதவைகள் இல்லம், பயிற்சிக் கல்லூரி மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருப்பதைக் காலால் அளந்து உணர்ந்தபோது, எத்தனையோ கட்டுரைகளில் படித்தும் பிடிபடாத ஒன்று எனக்குப் பிடிபட்டது. இதற்காகவே கட்டணம் தகும்.

குறை இறுதியில் இருக்கிறது. மருத்துவமனை வாசலுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பிளாஸ்கும் தூக்குமாக உறவினர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்; நாங்கள் பத்து நிமிடம் ஓரமாக நின்றோம். மேரி ஷார்லீப் 1885இல் நிறுவினார் என்பதோடு விளக்கம் முடிந்துவிட்டது. வழக்கறிஞரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த அவர், ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்பதாலேயே பிரசவத்தில் பெண்கள் மடிவதைக் கேட்டறிந்து, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வேறு மூன்று பெண்களோடு சேர்ந்து படித்தவர். கோஷா என்ற பெயர் திரைமறைவில் வாழ்ந்த அந்தப் பெண்களைத்தான் குறிக்கிறது. அதே கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி பின்னர் சட்டமன்றத்துக்குள் நுழைந்து தேவதாசி முறைக்கு எதிராகப் போராடியதையும், 1947இல் அதற்குச் சட்டம் வந்ததையும் இந்த வாசலில் நின்று சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது? அவரும் சுப்புலட்சுமியும் 1886ஆம் ஆண்டே பிறந்தவர்கள் என்பதைக்கூட வழிகாட்டி தொடவில்லை. "முதல் பெண்" என்ற பட்டத்தை ஒவ்வொருவருக்கும் சூட்டி நகர்ந்த அவருடைய பேச்சில், அவர்கள் யாருடைய தோளில் ஏறி நின்றார்கள், யாருக்குத் தோள் கொடுத்தார்கள் என்பது விடுபட்டுப் போகிறது.

வழிகாட்டியின் தமிழ் தெளிவானது. கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறார். வழியில் கழிவறைக்கு ஏற்பாடு இல்லை என்பதை முன்பதிவின்போதே தெரிவிக்க வேண்டும். முதியவர்கள் இருவர் பாதியிலேயே திரும்பிப் போனார்கள். பதின்வயது மகளோடு செல்ல விரும்பும் பெற்றோருக்கு இந்த நடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அமைப்பாளர்களிடம் ஒரே வேண்டுகோள்: வழியைத் திருப்பிப் போடுங்கள். காலம் 1885இல் தொடங்குவதால், வெயிலுக்கு முன் கோஷா ஆஸ்பத்திரி வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, அங்கிருந்து கல்லூரியை நோக்கி நடந்து வரலாம்.