தஸ்நேவிஸ் மாதாவா, குலசை தசராவா, செந்தூர் சஷ்டியா?

"ஒரே ஒரு தடவைதான் லீவு கிடைக்கும், எதற்கு வரட்டும்?" வெளியூரில் இருக்கும் நண்பர்கள் வருடா வருடம் கேட்கிற கேள்வி இது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து குலசை என்கிற குலசேகரன்பட்டினம் 15 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். இந்தச் சின்னக் கரைக்குள் ஆடியில் ஒன்று, புரட்டாசி ஐப்பசி வாக்கில் இரண்டு என்று மூன்று பெரிய திருவிழாக்கள். மூன்றுக்கும் பல வருடங்களாகப் போய் வருகிறேன். பெரும்பாலானவர்கள் கடைசி நாள் பார்த்து வந்து, கூட்டத்தில் நசுங்கி, பாதி பார்த்தும் பார்க்காமலும் திரும்புகிறார்கள். அதனால் எந்தத் திருவிழா என்பதோடு எந்த நாள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் தூத்துக்குடியின் பனிமய மாதா. ஊர்க்காரர்களுக்கு தஸ்நேவிஸ் மாதா. ஜூலை 26-ல் கொடி ஏறும், ஆகஸ்ட் 5-ல் பெருவிழா. தேதி மாறாது என்பதால் டிக்கெட் முன்பதிவு செய்ய மூன்றிலும் இதுதான் வசதி. 1713-ல் அர்ச்சிக்கப்பட்ட கோயில். கடல் தொழில் செய்யும் பரதவர்களுக்கு அவள் 'ஏழுகடல்துறை ஏக அடைக்கலத் தாய்'. தங்கத்தேர் வருடா வருடம் ஓடாது. 1806-ல் முதல் தேர் ஓடியது, 2023-ல் ஓடியது பதினாறாவது. அதனால் யாராவது "தங்கத்தேர் பார்க்க வாங்க" என்று கூப்பிட்டால், இந்த வருடம் தேர் உண்டா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தேர் இல்லாத வருடங்களில் மாதாவின் சொரூபம் சப்பரத்தில் பவனி வரும். அதற்கும் தெரு கொள்ளாத கூட்டம்தான்.

ஆனால் என்னைக் கேட்டால் கொடியேற்றம்தான் பார்க்க வேண்டியது. ஆடிக்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். கொடிமரத்தடியில் பெண்கள் பாலும் பழமுமாக நேர்ச்சையோடு நிற்பார்கள். கொடி மேலே ஏறுகிற நேரம் பழைய துறைமுகத்தில் இழுவைக் கப்பல் சங்கு ஊதும். "மரியே வாழ்க" என்று ஒரே குரலாக எழும்பும். புறாக்கள் பறக்கும். எத்தனை தடவை கேட்டாலும் அந்தச் சங்குச் சத்தத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். கூட்டத்தில் முக்காடு போட்டவர்களும் திருநீறு பூசியவர்களும் இருப்பார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் அவள் மாதாதான்.

சாப்பாட்டில் மற்ற இரண்டும் தூத்துக்குடிக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. ராத்திரி பவனி முடிந்து பொரிச்ச பரோட்டாவும் சால்னாவும். மறுநாள் காலையில் ஊருக்குக் கொண்டுபோக மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான் சரக்கு. நுரைக்க அடித்து, கூம்பு கூம்பாக வைத்து, லேசான சூட்டில் உலர விடுவார்கள். வாயில் வைத்தால் முதலில் மொறுமொறு, அடுத்த நொடி ஒன்றுமே இருக்காது. கடற்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும், காற்றுப் புகாத டப்பா எடுத்துப் போங்கள். ராட்டினம், கடைகள், பொருட்காட்சி எல்லாம் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு வருகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான்.

திருச்செந்தூர் கந்த சஷ்டி வேறு மாதிரி. தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி, ஆறாம் நாள் சாயங்காலம் கடற்கரையில் சூரசம்ஹாரம். இதற்கு மட்டும் என் 'கடைசி நாள் வேண்டாம்' யோசனை செல்லாது. ஆறாம் நாள்தான் விஷயமே. முருகனின் உற்சவரான ஜெயந்திநாதர் கரைக்கு வருவார். யானை முகம், சிங்க முகம், சூரனின் சொந்த முகம் என்று தலை மாறி மாறி எதிரே வரும். ஒவ்வொரு தலை விழும்போதும் "அரோகரா" எழும்பும். கடைசியில் மாமரமாகி நிற்பவன் சேவலும் மயிலும் ஆவான். எதிரியைக் கொன்று போடாமல் கொடியாகவும் வாகனமாகவும் கூடவே வைத்துக்கொள்கிற சாமி. இந்தக் கதை எனக்கு அலுத்ததே இல்லை.

ஆனால் கூட்டத்தின் நடுவில் அகப்பட்டால் முன்னால் நிற்பவர் தோளில் இருக்கும் பிள்ளையின் முதுகுதான் தெரியும். முதல் தடவை நான் பார்த்தது அதைத்தான். ஐப்பசி என்பதால் மழையும் வரும். நடக்க முடியாதவர்களைக் கூட்டி வராதீர்கள். சம்ஹாரம் முடிந்ததும் முக்கால்வாசிப் பேர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். கோயிலுக்குள் கண்ணாடி வைத்து, அதில் தெரியும் சாமியின் நிழலுருவுக்கு அபிஷேகம் செய்வார்கள். சாயாபிஷேகம் என்று பெயர். போர் முடித்து வந்தவரைக் குளிர்விக்கிறார்கள். அப்புறம் ஏழாம் நாள் திருக்கல்யாணம். பாட்டு, தீனி, வேடிக்கை என்று பார்த்தால் சஷ்டி மூன்றாவதுதான். ஆறு நாளும் பாலும் பழமுமாகக் கோயில் வளாகத்திலேயே பாய் விரித்துக் கிடப்பவர்களின் விழா இது. விரதம் இருக்கிற மனசு இருந்தால் இதற்கு ஈடில்லை. வேடிக்கை பார்க்க என்றால் வேண்டாம்.

சரி, குலசை. முத்தாரம்மன் கோயில் தசரா. நவராத்திரி முதல் நாள் கொடி ஏறி, பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். முத்து என்றால் அம்மைக் கொப்புளம். அதை ஆற்றுகிறவள் முத்தாரம்மன் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நோய் தீரவும் பிள்ளை வரம் வேண்டியும் வேடம் போடுவதாக நேர்ந்துகொள்வார்கள். மாலை போட்டு விரதம் இருந்து, கொடியேறியதும் காப்புக் கட்டி, குறவன் குறத்தி, குரங்கு, ராஜா ராணி, போலீஸ், பிச்சைக்காரர் என்று ஏதாவது ஒரு வேடத்தில் ஊர் ஊராகக் காணிக்கை வாங்குவார்கள். எவ்வளவு வசதியானவரும் கைநீட்டித்தான் ஆக வேண்டும். சேர்ந்த காசு பத்தாம் நாள் அம்மன் உண்டியலுக்குப் போகும்.

காளி வேடம்தான் இருப்பதிலேயே கடுமை. சடைமுடி, நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், முதுகில் கட்டிய கைகள், சிவப்புச் சேலை. உடன்குடி பக்கம் ஒரு திண்ணையில் ஒருமுறை கண்டேன். இருபது வயதுகூட இருக்காது, வேடத்தோடு வெயிலில் நடந்து வந்த பையன். கூட வந்தவர் அவன் கிரீடத்தைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் தண்ணி குடுங்க அண்ணாச்சி" என்றார் வீட்டுக்காரரிடம். சொம்பு வருவதற்குள் அறுபது வயதுப் பாட்டி ஒருத்தி வந்து அவன் காலடியில் உட்கார்ந்தாள். "தாயே, பேரனுக்குக் காய்ச்சல் விடமாட்டேங்குது." அவன் தண்ணீரை மறந்து திருநீறு எடுத்துக் கொடுத்தான். கை நடுங்கியது. எனக்குக் குலசை என்றால் பத்தாம் நாள் சம்ஹாரத்தைவிட அந்தத் திண்ணைதான்.

அதனால்தான் மூன்றில் குலசையை முதலில் வைக்கிறேன். பாட்டும் இங்கேதான் உயிரோடு இருக்கிறது. வேடம் போட்டவர்கள் குழுவாகச் சேர்வதுதான் தசரா செட். அது ஒவ்வொன்றும் மேளமும் கரகமுமாகத் தெருவில் இறங்கும்போது கால் தானாக ஆடும். வருத்தம் ஒன்று உண்டு. சில செட்கள் சினிமாப் பாட்டுக்கும் மேடை நடனத்துக்கும் பணத்தைக் கொட்டுகின்றன. நையாண்டி மேளக்காரர்களுக்கு வருடத்தில் நாலு காசு கிடைப்பதே இந்தப் பத்து நாளில்தான். அதையும் ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

பத்தாம் நாள் வேண்டாம். ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் வாருங்கள். திருச்செந்தூரில் அறை எடுத்துத் தங்கி, பகலில் உடன்குடி சுற்று வட்டாரத்தில் நடங்கள். இரவு குலசைக்குப் போனால் அம்மன் தினம் ஒரு வாகனத்தில் எழுந்தருள்வாள். உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம். தூத்துக்குடி வழியாகத் திரும்பினால் ஆத்தூரில் வெற்றிலையும் கிடைக்கும். இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. பையில் பத்து ரூபாய் நாணயம் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். தெரு முனையில் குரங்கோ போலீஸோ கைநீட்டினால் ஜிபே இருக்கிறதா என்று தேட வேண்டாம்.