சுயாதீனமா, நற்பெயரா: வேதாகமச் செயலிகளின் சொல் தேடல் ஒரு மதிப்பீடு

கலாத்தியர் 1:10-இல் அப்போஸ்தலன் பவுல், மனுஷரைப் பிரியப்படுத்துகிறவனாயிருந்தால் தான் கிறிஸ்துவின் ஊழியக்காரனல்ல என்கிறார். 1 கொரிந்தியர் 10:32-33-இல் எல்லாருக்கும் பிரியமாய் நடக்கிறதாகச் சொல்கிறார். விசுவாசி தன் சுயாதீனத்தின்படி நடப்பதா, பிறர் பார்வையில் நற்பெயரைக் காப்பதா என்ற இந்த முடிச்சை அவிழ்க்கப் பலரும் முதலில் திறப்பது செயலியின் தேடல் பெட்டியைத்தான். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை வைத்துப் பார்த்தால், வசனம் திரட்ட அது நல்ல கருவி. தீர்ப்புக்கு அதை நம்ப முடியாது.

முதல் கோளாறு விகுதியில். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் செயலியில் 'சுயாதீனம்' என்று அடித்தால் 1 கொரிந்தியர் 10:29 வரும். 'சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டீர்கள்' என்ற கலாத்தியர் 5:13 வராது. 'சுயாதீன' என்று நிறுத்துங்கள், இரண்டும் வரும். 'இடறல்' என்று புள்ளியோடு அடித்தால் மத்தேயு 17:27-இன் 'இடறலாயிராதபடிக்கு' நழுவிவிடும், 'இடற' போதும். 'பிரிய' என்று தேடினால் விட்டுப் பிரியாதவர்களும் சேர்ந்து வருவார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது கோளாறு பெரியது. 1 கொரிந்தியர் 8:9 இந்த விவாதத்தின் நடுத்தூண். அங்கே தமிழில் இருப்பது சுயாதீனம் அல்ல, 'அதிகாரம்'. இடறல் அல்ல, 'தடுக்கல்'. 2 கொரிந்தியர் 3:17-இல் 'விடுதலை'. ஆக, ஒரே சொல்லை நம்பினால் முக்கிய வசனமே கையில் சிக்காது. நற்பெயர் பக்கமும் அப்படியே: நீதிமொழிகள் 22:1-க்கு 'நற்கீர்த்தி', 1 தீமோத்தேயு 3:7-க்கு 'நற்சாட்சி'.

மூன்றாவது, முடிவுப் பட்டியல் வசனத்தைத் தனியே பிய்த்துக் காட்டுவது. 1 கொரிந்தியர் 8:9-ஐ மட்டும் படித்தால் 'யாராவது முகம் சுளித்தால் விட்டுவிடு' என்றே தோன்றும். 8:10-ஐத் தொட்டுப் பாருங்கள்: விக்கிரகக்கோவிலில் பந்தியிருக்கிறவனைக் கண்டு பலவீனனின் மனச்சாட்சி விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் புசிப்பதற்குத் 'துணிவுகொள்ளும்'. அவனுக்கு நேர்வது மனவருத்தம் அல்ல. தன் மனச்சாட்சிக்கு விரோதமாக அவனே பின்தொடர்ந்து செய்துவிடுவது. அதைத்தான் 8:11 'கெட்டுப்போகலாமா' என்று கேட்கிறது. வெறுமனே குறை சொல்பவர்களுக்கு இந்த வசனத்தில் உரிமை கிடையாது. இடறலடைந்த பரிசேயரைக் குறித்து இயேசு சொன்னது 'அவர்களை விட்டுவிடுங்கள்' (மத்தேயு 15:14).

1 கொரிந்தியர் 10:32-33-உம் முழுதாகப் படித்தால் இளகும்: 'அவர்கள் இரட்சிக்கப்படும்படிக்கு' என்று காரணம் அங்கேயே நிற்கிறது. தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணுவித்த பவுல் (அப்போஸ்தலர் 16:3), அதே விருத்தசேதனம் கேட்கப்பட்ட தீத்துவின் காரியத்தில் ஒரு நாழிகையும் இணங்கவில்லை (கலாத்தியர் 2:3-5). ஒன்று யூதரை எட்டுவதற்கு. மற்றது சுவிசேஷத்துக்கே நிபந்தனையாகக் கேட்கப்பட்டது.

ஒரு மொழிபெயர்ப்பை மட்டும் வைத்திருப்பவர்கள் 1 தெசலோனிக்கேயர் 5:22-இல் கவனமாக இருங்கள். 'பொல்லாங்காய்த் தோன்றுகிற' என்பதை ஊர் வாய்க்குப் பயப்படச் சொல்லும் கட்டளையாக மேடைகளில் கேட்கிறோம். கிரேக்கத்தில் உள்ள 'ஈடோஸ்' என்ற சொல்லை 'வகை' என்றும் எடுக்கலாம். எல்லா வகைத் தீமையையும் விலக்குங்கள் என்று பொருள் வரும். முந்தின வசனம் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்வதால் அதுவே பொருந்துகிறது. இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே காட்டும் வசதி இல்லாத செயலியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.